பிஎச்.டி. வரை போக நினைப்பவருக்கு முதல் பட்டம் எது? பி.எஸ்சி., ஐசர், இன்ஜினியரிங்: ஓர் ஒப்பீடு

"சார், மூணுமே நல்லதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீங்க ஒண்ணைச் சொல்லுங்க."

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு அப்பா போனில் இப்படிக் கேட்டார். மகள் ப்ளஸ் டூவில் பயோ மேத்ஸ் குரூப். பத்தாம் வகுப்பிலிருந்தே ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று சொல்லிவரும் பெண். திருப்பதி ஐசரில் (ஒன்றிய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) இடம் கிடைத்திருக்கிறது. பாளையங்கோட்டையில் பழைய கல்லூரி ஒன்றில், எய்டட் பிரிவில் பி.எஸ்சி. வேதியியலும் கிடைத்திருக்கிறது. இன்ஜினியரிங் கட்ஆஃபும் நன்றாக இருப்பதால் உறவினர்கள் பயோடெக் எடுக்கச் சொல்கிறார்கள்.

மாவட்டக் கல்லூரி ஒன்றில் பல வருஷமாக வேதியியல் கற்பிக்கிறேன். ஜூன், ஜூலை வந்தால் இதே கேள்வி வேறு வேறு வீடுகளிலிருந்து வரும். அரை மணி நேர போன் பேச்சில் பாதி விட்டுப்போகிறது என்பதால், அவரிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அறிவியலில் பிஎச்.டி. வரை போகும் எண்ணம் இருப்பவர்களுக்காக மட்டுமே இது. மருத்துவம், விவசாயம், கால்நடை எல்லாம் தனிக்கதை.

எதை வைத்து எடைபோடுவது?

வீடுகளில் முதலில் கேட்பது "எத்தனை வருஷம்?" என்பதைத்தான். கேட்கவேண்டியதுதான், ஆனால் அதில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. நான் பார்ப்பவை ஐந்து.

முதலாவது, பிஎச்.டி. வாசலுக்குப் போக நடுவில் எத்தனை நுழைவுத் தேர்வுகளைத் தாண்டவேண்டும். இரண்டாவது, எவ்வளவு சீக்கிரம் ஓர் ஆய்வகத்தில் இறங்கி வேலை செய்ய முடியும். மூன்றாவது, பணம்: கட்டணம் மட்டுமல்ல, உதவித்தொகை எப்போது தொடங்கும் என்பதும். நான்காவது, நடுவில் மனம் மாறினால் கையில் என்ன பட்டம் இருக்கும். ஐந்தாவது, அந்தப் பட்டத்தின் பெயரை வெளியே யார் ஏற்பார்கள்.

இந்த ஐந்தில் இரண்டாவதுக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். பிஎச்.டி. சேர்க்கைக் குழு கேட்பது, இந்த மாணவருக்கு ஆராய்ச்சி ஒத்துவருமா என்பதை. மதிப்பெண் பட்டியல் அதற்குப் பாதி பதில்தான் சொல்லும். மீதியைச் சொல்வது செய்து முடித்த ஒரு சிறு ஆய்வும், அதைக் கூட இருந்து பார்த்த ஒருவர் எழுதும் பரிந்துரைக் கடிதமும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று கடிதங்கள் கேட்கும். "வகுப்புக்கு ஒழுங்காக வந்தார், நன்னடத்தை உடையவர்" என்று மூன்று பேர் எழுதித்தந்தால் அதில் பயன் ஒன்றுமில்லை.

மூன்றாண்டு பி.எஸ்சி., பிறகு எம்.எஸ்சி.

நம் ஊரில் மிகப் பெரும்பாலோர் போகும் வழி. நானும் இதில் வந்தவன்தான். அரசுக் கல்லூரியிலோ எய்டட் பிரிவிலோ கிடைத்தால் இதைவிட மலிவான உயர்கல்வி இல்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அதே கல்லூரியின் செல்ஃப் பைனான்ஸ் பிரிவு என்றால் கணக்கு வேறு. சேருமுன் எந்தப் பிரிவு என்று கேட்டுவிடுங்கள். ஆசிரியர்களின் அனுபவத்திலும் வித்தியாசம் இருக்கும்.

இந்த வழியின் பெரிய பலம், மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் ஒரு தேர்வு செய்யும் வாய்ப்பு. பதினேழு வயதில் எடுத்த முடிவை இருபது வயதில் திருத்திக்கொள்ளலாம். ஜாம் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். இதைவிட நல்ல ஒரு கதவு இருக்கிறது, பல கல்லூரிகளில் பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை: இன்டக்ரேட்டட் பிஎச்.டி. மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவரை எம்.எஸ்சி., பிஎச்.டி. இரண்டுக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும் திட்டம் இது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. (இந்திய அறிவியல் நிறுவனம்), அங்கேயே உள்ள ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சில ஐசர்கள் ஆகியவற்றில் உண்டு. பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. முடித்த பெண், அதற்கடுத்த ஆண்டே நாட்டின் முதல்தர ஆய்வகத்தில் உட்கார முடியும் என்பது கற்பனை இல்லை.

சரி, மறைந்திருக்கும் செலவு எங்கே? ஜாம் தேர்வில்தான். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும். தேர்வு பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் முந்தைய செப்டம்பர், அக்டோபர் வாக்கில். அதாவது மூன்றாம் ஆண்டு தொடங்கியவுடனே தயாராகிவிட்டிருக்க வேண்டும். நம் கல்லூரிப் பாடத்திட்டத்தில் சில பகுதிகள் ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில்தான் வரும், ஜாம் அவற்றை அதற்கு முன்பே கேட்டுவிடும். ஐந்து மார்க், பத்து மார்க் விடையை எழுதிப் பழகிய கைக்கு, கணக்குப் போட்டு எண்ணாக விடை தரும் கேள்வி முதலில் மிரட்டும். இரண்டாம் ஆண்டு விடுமுறையிலிருந்தே பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்த மாணவர்கள் தேறுவதையும், மூன்றாம் ஆண்டு டிசம்பரில் ஆரம்பித்தவர்கள் ஒரு வருஷத்தை இழப்பதையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

இரண்டாவது குறை, ஆய்வகம். பி.எஸ்சி. பிராக்டிகல் வேறு, ஆராய்ச்சி வேறு. உப்புப் பகுப்பாய்வில் விடை முன்பே தெரிந்த ஒன்று. ஆராய்ச்சியில் விடை யாருக்கும் தெரியாது. இந்தக் குறையைக் கோடை விடுமுறையில் ஈடுகட்டலாம். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் தேர்வானால் இரண்டு மாதம் ஓர் ஆய்வாளரிடம் வேலை செய்யலாம், கையில் உதவித்தொகையும் கிடைக்கும். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் நியஸ் திட்டம் இளநிலை மாணவர்களுக்கென்றே இருக்கிறது. கணிதம் படிப்பவர்களுக்கு 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். கோடை முகாம் உண்டு. நான் பி.எஸ்சி. படித்தபோது இப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை. மூன்று கோடையும் சும்மா போயிற்று. அந்த வருத்தம் இன்னும் இருப்பதால்தான் இதை முதல் ஆண்டு வகுப்பின் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

யாருக்கு இது ஏற்றது? வீட்டில் பணம் இறுக்கம் என்றால், பாடம் எது என்று இன்னும் முடிவாகவில்லை என்றால், தூரமாகப் போக இப்போது சூழ்நிலை இல்லை என்றால். அத்துடன், யாரும் தள்ளாமலே தானாகத் தேடிப் படிக்கும் பிள்ளை என்றால்.

ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு: ஐசர், நைசர்

ஐசர் என்பது இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். 2006இல் புனே, கொல்கத்தாவில் தொடங்கி, இன்று மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என ஏழு இருக்கின்றன. தென்மாவட்டங்களுக்குத் திருவனந்தபுரமும் வடமாவட்டங்களுக்குத் திருப்பதியும் ஒரு ரயில் தூரம்தான். புவனேஸ்வரத்தில் உள்ள நைசர் இதே மாதிரியான ஐந்தாண்டு எம்.எஸ்சி. தருகிறது, அதற்கு நெஸ்ட் என்ற தனித் தேர்வு.

ஐசருக்கான நுழைவுத் தேர்வு ஐ.ஏ.டி. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் பதினைந்து பதினைந்தாக 60 கேள்விகள், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். இங்கேதான் நம் ப்ளஸ் டூ குரூப் முறை இடிக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர் உயிரியலின் 15 கேள்விகளையும், பியூர் சயின்ஸ் எடுத்தவர் கணிதத்தின் 15 கேள்விகளையும் தானாகப் படித்து எதிர்கொள்ளவேண்டும். பயோ மேத்ஸ் படித்த பிள்ளைக்கு இந்தத் தடை கிடையாது.

உள்ளே போனதும் தொடக்க ஆண்டுகளில் எல்லோரும் எல்லா அறிவியலும் படிக்கவேண்டும். அதன்பிறகே சிறப்புப் பாடம். கடைசி ஆண்டு பெரும்பாலும் ஒரே ஆய்வுத் திட்டத்துக்குப் போகிறது. நான் அதிக எடை கொடுத்த இரண்டாவது அளவுகோலில் இந்த வழிதான் முன்னால் நிற்கிறது. இங்கே கற்பிப்பவர்கள் எல்லோருமே ஆய்வகம் நடத்துபவர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் போய்க் கதவைத் தட்டிக் கேட்டால், சேர்த்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. ஐந்து ஆண்டு முடிவில் கையில் ஓர் ஆய்வேடும் கடிதம் எழுத உண்மையில் தெரிந்த இரண்டு மூன்று பேரும் இருப்பார்கள். நடுவில் ஜாம் கிடையாது, ஊர் மாற வேண்டியதில்லை.

இனி செலவு. கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்துச் சலுகைகள் உண்டு. ஒன்றிய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை கிடைத்தால் ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 20,000 கோடை ஆய்வுக்கானது. பி.எஸ்சி. படிப்பவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம், ப்ளஸ் டூவில் தம் தேர்வு வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்தில் இருந்தால்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவும் உண்டு, அதை நான் பெற்றோரிடம் மறைப்பதில்லை. பள்ளியில் முதல் மாணவியாக இருந்தவர் அங்கே நடுவில் எங்கோ இருப்பார். தமிழ் வழியில் படித்தவருக்கு முதல் இரண்டு செமஸ்டர் ரொம்பக் கஷ்டம். பாடம் புரியாமல் இருப்பதும், கேட்கக் கூச்சப்படுவதும் சேர்ந்து சில பிள்ளைகளை ஒடுக்கிவிடும். மூன்றாம் செமஸ்டரில் பெரும்பாலோர் நிமிர்ந்துவிடுகிறார்கள், ஆனால் அதுவரை வாரம் ஒருமுறையாவது வீட்டிலிருந்து மார்க்கைக் கேட்காமல் பேசும் குரல் ஒன்று வேண்டும். பாதியில் விலகுவதும் இந்த வழியில்தான் கடினம். மூன்றாம் ஆண்டு முடிவில் தனிப் பட்டம் கைக்கு வராது. நான்காம் ஆண்டு முடிவில் பி.எஸ். என்ற இளநிலைப் பட்டத்தோடு விலகும் வழி சில இடங்களில் இருக்கிறது. சேரும் நிறுவனத்தின் விதியை முன்பே படித்துவிடுங்கள்.

ஆராய்ச்சி என்பதில் மனம் உறுதியாக இருந்து, எந்த அறிவியல் என்பது மட்டும் இன்னும் தெளியவில்லை என்றால் இதைவிடப் பொருத்தமான வழியை நான் பார்க்கவில்லை.

நான்காண்டு பி.எஸ்.: ஒரு வருஷம் மிச்சமா?

பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. 2011இல் நான்காண்டு இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். விரும்புபவர் ஐந்தாம் ஆண்டும் இருந்து முதுநிலைப் பட்டம் வாங்கலாம். கிடைத்தால் யோசிக்காமல் போகலாம் என்பதைத் தவிர அதைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை.

பலர் கேட்பது பொதுவான நான்காண்டுப் பட்டத்தைப் பற்றி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 பிஎச்.டி. விதிப்படி, நான்காண்டு இளநிலையில் 75 சதவீதம் இருந்தால் எம்.எஸ்சி. இல்லாமலே பிஎச்.டி.க்குத் தகுதி உண்டு. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு. எம்.எஸ்சி. வழியாக வந்தால் 55 சதவீதம் போதும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருஷம் மிச்சமாகிறது, ஆனால் ஒரே செமஸ்டர் சறுக்கினாலும் அந்தக் கதவு மூடிக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் கீழ் உள்ள கல்லூரிகளில் பெரும்பாலும் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. ஆகவே நான்காண்டுக்காக ஒன்றியப் பல்கலைக்கழகத்துக்கோ தனியார் பல்கலைக்கழகத்துக்கோ போகவேண்டிவரும். தனியாரில் லட்சக்கணக்கில் கட்டி ஒரு வருஷத்தை மிச்சப்படுத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கணிதத்துக்கு ஒரு விதிவிலக்கு சொல்லவேண்டும். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பி.எஸ்சி. ஆனர்ஸ். மூன்றே ஆண்டு, தனி நுழைவுத் தேர்வு. அங்கே பி.எஸ்சி. முடித்த கையோடு வெளிநாட்டு பிஎச்.டி.க்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கணக்கில் பைத்தியமாக இருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், மற்றதையெல்லாம் பார்ப்பதற்குமுன் அந்தத் தேர்வின் பழைய வினாத்தாளைக் கொடுத்துப் பாருங்கள்.

பி.இ., பி.டெக்.

"இன்ஜினியரிங் முடிச்சிட்டும் ஆராய்ச்சிக்குப் போகலாமே" என்று சொல்வார்கள். போகலாம், உண்மைதான். கேட் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்புக்கோ எம்.டெக்.குக்கோ போகலாம், கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். பயோடெக் படித்தவர் உயிரியல் ஆய்வகங்களில் சேர்வது சகஜம்.

கேள்வி, எந்த ஆராய்ச்சி என்பதுதான். பொருளறிவியல், கணினி, மின்னணு, உயிரித் தொழில்நுட்பம் என்றால் இது நேரான பாதை. குவாண்டம் இயற்பியலோ கரிம வேதியியலோ வேண்டுமென்றால், நான்கு ஆண்டில் நீங்கள் படிக்காமல் விடும் அடிப்படைப் பாடங்கள் நிறைய. அவற்றைத் தனியாகப் படித்துத் திரும்பிவருபவர்கள் மிகச் சிலர். அப்புறம், ஏழாம் செமஸ்டரில் கேம்பஸ் வேலை வந்து நிற்கும். கல்விக் கடன் இருக்கும் வீட்டில் அதை மறுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது, அந்தப் பிள்ளைக்கும் வராது.

ஆனால் இதை ஒதுக்கிவிடவும் முடியாது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2021 முதல் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் மாநில அரசே ஏற்கிறது. வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் தேவை, ஆராய்ச்சி ஆசையும் உண்டு என்ற நிலையில் நிற்கும் பிள்ளைக்கு இதுதான் பத்திரமான வழி.

| வழி | பிஎச்.டி. வாசலுக்கு | நடுவில் முக்கியத் தேர்வு | பாதியில் விலகினால் |
|---|---|---|---|
| பி.எஸ்சி. + எம்.எஸ்சி. | 5 ஆண்டு | ஜாம் அல்லது பல்கலைக்கழகத் தேர்வு | மூன்றாம் ஆண்டில் பி.எஸ்சி. கையில் |
| பி.எஸ்சி. + இன்டக்ரேட்டட் பிஎச்.டி. | 3 ஆண்டு | ஜாம் அல்லது நிறுவனத் தேர்வு | எம்.எஸ்சி.யோடு வெளிவர வழி உண்டா என்று கேட்கவேண்டும் |
| ஐசர், நைசர் | 5 ஆண்டு | இல்லை | சில இடங்களில் மட்டும் நான்காம் ஆண்டில் பட்டம் |
| நான்காண்டு பி.எஸ். | 4 ஆண்டு (75%) | இல்லை | நிறுவனத்தைப் பொறுத்தது |
| பி.இ., பி.டெக். | 4 ஆண்டு, பலருக்கு எம்.டெக். சேர்த்து 6 | கேட் | முடித்தால் வேலைச் சந்தை உண்டு |

எந்த வழியில் வந்தாலும், பிஎச்.டி. சேரும்போது உதவித்தொகை இருக்கிறதா என்பது வாழ்வையே மாற்றும். அறிவியலில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அது இல்லாமல் பதிவுசெய்துவிட்டு, செல்ஃப் பைனான்ஸ் கல்லூரியில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டே எட்டு ஒன்பது வருஷம் இழுப்பவர்களைப் பார்க்கிறேன். திறமைக் குறைவால் அல்ல, அந்த ஒரு தேர்வைத் தள்ளிப்போட்டதால்.

வெளிநாடு என்றால்

அமெரிக்காவில் இளநிலை முடித்தவுடனே பிஎச்.டி. சேரலாம். அறிவியலில் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். கடன் வாங்கிப் போவது எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்புக்கு, இந்த வித்தியாசம் தெரியாமலே பல வீடுகள் ஆராய்ச்சி என்றாலே பயப்படுகின்றன. அங்கே பல இடங்களில் நான்காண்டு இளநிலையை எதிர்பார்க்கிறார்கள், ஆகவே மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் இருப்பவர் எம்.எஸ்சி. முடித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் 1971இல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து நேராக ஒஹையோ பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தார், பிறகு உயிரியலுக்கு மாறினார், 2009இல் வேதியியல் நோபல் பெற்றார். மூன்றாண்டுப் பட்டம் யாரையும் தடுத்து நிறுத்திவிடுவதில்லை. விண்ணப்பிக்கக்கூடிய இடங்களின் எண்ணிக்கைதான் குறைகிறது.

ஜெர்மனியில் பிஎச்.டி.க்குப் பொதுவாக முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். அங்கே போக நினைப்பவருக்கு ஐந்தாண்டுப் படிப்போ பி.எஸ்சி.யோடு எம்.எஸ்சி.யோ இயல்பாகப் பொருந்தும். நான்காண்டோடு நின்றால் மறுபடி ஒரு முதுநிலை.

பட்டத்தின் பெயர்

இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் கண்ணீர்தான். நாளைக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாக அரசுக் கல்லூரியிலோ பள்ளியிலோ வேலைக்குப் போக எண்ணம் இருந்தால், உங்கள் பட்டம் அவர்கள் கேட்கும் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கவேண்டும். பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி போன்ற பெயர்களிலும், இளநிலை ஒரு பாடம் முதுநிலை வேறொரு பாடம் என்று படித்தவர்களிடமும்தான் சிக்கல் அதிகம். ஒருங்கிணைந்த பட்டம் படிப்பவரும் எந்தப் பாடத்தில் சிறப்பு என்பது சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ எழுத்தில் வருகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அப்பாவிடம் சொன்னது

போனை மகளிடம் கொடுக்கச் சொன்னேன். ப்ளஸ் டூவில் எந்தப் பாடம் பிடித்தது என்றேன். "கெமிஸ்ட்ரி சார், ஆனா பயாலஜில வர்ற கெமிஸ்ட்ரி" என்றாள். அப்படியானால் பாடம் இன்னும் முடிவாகவில்லை, ஆராய்ச்சி முடிவாகிவிட்டது. திருப்பதிக்குப் போகச் சொன்னேன். கட்டணம் தாங்காது என்று அப்பா சொல்லியிருந்தால், தயங்காமல் பாளையங்கோட்டை என்றிருப்பேன். முதல் கோடையிலேயே ஓர் ஆய்வகம், இரண்டாம் ஆண்டிலிருந்து ஜாம், மூன்றாம் ஆண்டு முடிவில் இன்டக்ரேட்டட் பிஎச்.டி. என்று அதற்கும் அட்டவணை போட்டுக் கொடுத்திருப்பேன்.

இடத்தை உறுதிசெய்ய இன்னும் நான்கு நாள் இருந்தது. அதற்குள் திருப்பதியில் இப்போது படிக்கும் இரண்டு பேரிடமாவது, முடிந்தால் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து போனவர்களிடம், பேசிவிடச் சொன்னேன். கேட்கவேண்டியது மூன்று: முதல் செமஸ்டர் கணிதத்தை எப்படிச் சமாளித்தார்கள், எந்த ஆண்டில் முதல் ஆய்வகத்துக்குள் போனார்கள், உதவித்தொகை முதல் தடவை கைக்கு வர எத்தனை மாதம் ஆயிற்று. அந்த மூன்றாவதை அப்பாவே குறித்துக்கொண்டார்.